சாக்கு மண்ணும் மூடாக்கும்: புளிப்பைப் பார்த்து இலையைப் போடுங்கள்

லயத்து வாசலிலும் இஸ்தோப்பிலும் பசளைச் சாக்கு, பெயின்ட் வாளி, ஓட்டைத் தகரம் இவற்றில் மரக்கறி வளர்க்கும் குடும்பங்களுக்காக இந்தப் பாடம் எழுதப்படுகிறது. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டது. அந்த வருடம் நவம்பரில் தடை தளர்ந்தாலும், 2022 இல் பசளையும் மரக்கறியும் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில்தான் பல லயங்களில் வாசலுக்கு வாசல் சாக்குத் தோட்டம் வந்தது. சில வீடுகளில் நன்றாக வந்தது. சில வீடுகளில் போஞ்சி ஒரு சாண் வளர்ந்து அப்படியே நின்றுவிட்டது. பீட்ரூட் கிழங்கு வைக்கவே இல்லை. தக்காளி இலை மஞ்சளாகிக் கருகியது.

அப்படி நிற்கும் செடியைப் பார்த்தால் நாம் என்ன செய்கிறோம்? "சத்துப் பத்தல, இன்னுங் கொஞ்சம் யூரியா போடு" என்கிறோம். போடுகிறோம். செடி இன்னும் மோசமாகிறது. காசும் போகிறது, செடியும் போகிறது. பெரும்பாலும் அங்கே குறைவது சத்து அல்ல. மண் புளித்திருக்கிறது. சாக்கில் சத்து இருந்தும் அதை எடுக்க வேருக்கு முடியவில்லை.

மண்ணின் புளிப்பைப் பற்றியும், செடிக்கு அடியில் நாம் பரப்புகிற இலை தழை, அதாவது மூடாக்கு, அந்தப் புளிப்பை எப்படிக் கூட்டுகிறது, எப்படிக் குறைக்கிறது என்பதைப் பற்றியும் இங்கே பார்ப்போம். பிள்ளைகளின் விவசாயப் புத்தகத்தில் இதற்குப் பத்திரக்கலவை என்று பெயர் போட்டிருக்கும். இரண்டும் ஒன்றுதான்.

புளிப்பை அளக்கும் கணக்கு

புளிப்பை அளக்க பீ.எச். என்று ஓர் அளவு இருக்கிறது. 7 என்றால் புளிப்பும் இல்லை, காரமும் இல்லை. 7 க்குக் கீழே போகப் போகப் புளிப்பு, அதாவது அமிலம். மேலே போகப் போகக் காரம். (கொச்சிக்காய்க் காரம் இல்லை, சவர்க்காரத்தில் இருக்கும் காரம்.) தேசிக்காய்ச் சாறு 2 க்கும் 2.5 க்கும் இடையில் நிற்கும். நாம் குடிக்கிற சாயத்தண்ணி 5 அளவில். பால் 6.5 அளவில். சவர்க்காரத் தண்ணீர் 9 அல்லது 10.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். ஓர் எண் இறங்கினால் புளிப்பு பத்து மடங்கு கூடுகிறது. 6 இல் இருக்கும் மண்ணைவிட 5 இல் இருக்கும் மண் பத்து மடங்கு புளிப்பு. 4 இல் இருப்பது நூறு மடங்கு. ஆகவே "அஞ்சுக்கும் ஆறுக்கும் என்னா பெரிய வித்தியாசம்" என்று விட்டுவிடக் கூடாது.

தேயிலைக்குப் புளிச்ச மண்தான் வேண்டும். 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். கோவா, போஞ்சி, கரட், பீட்ரூட், தக்காளி இவற்றுக்கு 6 முதல் 6.8 வரை வேண்டும். தேயிலைக்கு நல்ல மண் என்பது மரக்கறிக்குப் பத்து மடங்கு புளிப்பான மண். நாம் சாக்கு நிரப்ப மண் எடுப்பது எங்கே? லயத்துக்குப் பின்னால் தேயிலை ஓரத்தில், கானுக்குள் விழுந்து கிடக்கும் மண்ணில். வேலையின் முதல் நாளிலேயே பயிருக்கு ஒவ்வாத மண்ணைச் சாக்கில் கட்டிவிடுகிறோம்.

புளிப்பு கூடினால் செடிக்கு என்ன நடக்கிறது? மண்ணிலே அலுமினியம் இருக்கிறது. சாதாரணமாக அது கரையாமல் கிடக்கும். பீ.எச். 5.5 க்கும் கீழே, அதிலும் 5 க்குக் கீழே போனால், அது கரைந்து வேர் நுனியைத் தாக்கும். வேர் நீளாமல் குட்டையாக, தடித்து, கட்டைவிரல் மாதிரி நிற்கும். அந்த வேரால் தண்ணீரும் எடுக்க முடியாது, சத்தும் எடுக்க முடியாது. பொஸ்பரஸ் சத்தையும் அந்த அலுமினியமும் இரும்பும் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்ளும். தேயிலை மட்டும் அலுமினியத்துக்குப் பயப்படாது. அதை உறிஞ்சி முதிர்ந்த இலையிலே சேர்த்து வைத்துக்கொள்ளும். போஞ்சிக்கு அந்த வித்தை தெரியாது.

தோட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. பங்களா வாசலில் பந்து பந்தாகப் பூக்கும் ஹைட்ரேஞ்சியாவைப் பாருங்கள். நம் மலைநாட்டில் அது பெரும்பாலும் நீலம். அதே செடியைச் சுண்ணாம்பு மண்ணில் வைத்தால் ரோஸ் நிறத்தில் பூக்கும். மண்ணில் கரைந்த அலுமினியம் பூவுக்குள் போவதால் வரும் நீலம் அது. வெள்ளைப் பூ வகை மட்டும் மாறாது. நீலப் பூ பூக்கும் மண்ணை அள்ளி பீட்ரூட் போட்டால் பலன் என்ன என்று சொல்லத் தேவையில்லை.

சாக்கு மண் ஏன் சீக்கிரம் மாறுகிறது

நிலத்து மண்ணுக்கும் சாக்கு மண்ணுக்கும் உள்ள வித்தியாசம் கையிருப்பில் இருக்கிறது. ஓர் ஏக்கர் நிலத்தில் மேல் ஆறு அங்குல மண் மட்டும் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதன் மேல் நாலு கூடை இலை விழுந்தால் மண் அசையாது. பெரிய குடும்பத்தில் ஒரு விருந்தாளி வந்த மாதிரி, இருக்கிறதில் சமாளித்துவிடும். சாக்கில் இருப்பதோ 10 கிலோ, 15 கிலோ மண். அதில் கல்சியமும் மக்னீசியமும் கொஞ்சம்தான் இருக்கும். அவைதான் புளிப்பை எதிர்த்து நிற்கும் சரக்கு. அது கரைந்து போனால் வேறு கையிருப்பு இல்லை.

அந்தச் சரக்கைக் கரைப்பது தண்ணீர். மழையில் நிற்கும் சாக்கின் அடி ஓட்டை வழியாக ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கல்சியம் வெளியே போகிறது. ஊற்றுகிற தண்ணீராவது அதைத் திருப்பிக் கொடுக்குமா என்றால், நம் பீலித் தண்ணீர் மென்மையான தண்ணீர். அதில் சுண்ணாம்பு மிகக் குறைவு. சவர்க்காரம் போட்டவுடனே நுரை பொங்குவதிலிருந்தே இது தெரியும். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வரப் பாடுபட வேண்டும், ஏனென்றால் அங்கே சுண்ணாம்புக் கல்லில் ஊறி வரும் தண்ணீர். அங்கே வாளியில் செடி வைத்தால் மண் காரப் பக்கம் சாயும். நம் பக்கம் வைத்தால் புளிப்புப் பக்கம் சாயும். ஆகவே அங்குள்ள உறவினர் சொல்லும் பக்குவத்தை இங்கே அப்படியே செய்யக் கூடாது.

மூன்றாவது, பசளை. சல்பேட் ஒப் அமோனியா போட்டால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. 100 கிலோ சல்பேட் ஒப் அமோனியா உண்டாக்கும் புளிப்பை அடக்க ஏறக்குறைய 110 கிலோ சுண்ணாம்புத் தூள் வேண்டும். யூரியாவும் புளிக்க வைக்கும். ஒரே அளவு தழைச்சத்துக்குக் கணக்குப் பார்த்தால் சல்பேட்டை விடக் குறைவாக. இதனால்தான் தேயிலை மலைக்கே கவ்வாத்து வட்டத்தில் டொலமைட் போடுகிறார்கள். புளிப்பை விரும்பும் தேயிலைக்கே அளவு மீறினால் ஆகாது.

இந்த மூன்றும்தான் முதல் காரணங்கள்: எடுத்த மண், கரைத்துப் போகும் தண்ணீர், போட்ட பசளை. மூடாக்கு நாலாவதாகத்தான் வருகிறது. இதைச் சொல்லக் காரணம், "பைனஸ் இலை போட்டா மண்ணு செத்துப் போயிரும்" என்று ஒரு பேச்சு இருக்கிறது. நிலத்தில் அது அவ்வளவு உண்மையில்லை. உதிர்ந்த ஊசி இலை 4 க்கும் கீழே நிற்கும் புளிப்புள்ளதுதான். ஆனால் அது உக்கும்போது நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்துவிடும். நிலத்தின் மேலே பரப்பினால் கீழே உள்ள மண் மாறுவது மிகக் கொஞ்சம். பைனஸ் காட்டுக்குள் ஒன்றும் முளைப்பதில்லையே என்பீர்கள். அதற்கு நிழலும், மழைத்தண்ணீரை விடாத கனமான இலைப் படுக்கையும், முன்பிருந்தே தேய்ந்த மண்ணும் பெரிய காரணங்கள்.

அப்படியானால் மூடாக்கைப் பற்றி ஏன் இவ்வளவு பேச வேண்டும்? மண்ணை ஒரு தடவைதான் எடுக்கிறோம். மழையை நிறுத்த முடியாது. மூடாக்கை மட்டும் மாதத்துக்கு மாதம் புதிதாகப் போடுகிறோம். சாக்கு போன்ற சிறிய மண்ணில், ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மண்ணை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ மெதுவாகத் தள்ளுவது அதுதான். காசில்லாமல் நம் கைக்குள் இருப்பதும் அதுதான்.

எந்த இலை எந்தப் பக்கம் தள்ளும்

இலையின் குணத்தை அறிய ஒரு வழி: அதை எரித்தால் மிஞ்சுவது என்ன என்று யோசியுங்கள். சாம்பலில் உள்ள கல்சியம், மக்னீசியம், பொட்டாசியம் மூன்றும் புளிப்பை அடக்கும் சரக்கு. அந்தச் சரக்கு நிறைய உள்ள இலை மண்ணில் உக்கினாலும் புளிப்பை அடக்கும். நெல் உமி, வைக்கோல், புல் வகைகள் மட்டும் இந்தக் கணக்கில் ஏமாற்றும். அவற்றின் சாம்பல் நிறைய இருந்தாலும் பெரும்பகுதி மணலைப் போன்ற சிலிக்கா. அது புளிப்பை ஒன்றும் செய்யாது.

முதலில் நல்ல இலை. ரோட்டோரத்திலும் ஓடைக்கரையிலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியை எல்லோருக்கும் தெரியும். காசு கொடுக்காமல் கிடைப்பதால் நாம் அதை மதிப்பதில்லை. மேற்கு கென்யாவில், நம்மைப் போலவே பொஸ்பரஸ் எடுபடாத மண்ணில் விவசாயம் செய்பவர்களுக்காக இந்தச் செடியை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். காய்ந்த இலையில் தழைச்சத்து ஏறக்குறைய 3.5 சதவீதம், பொஸ்பரஸ் 0.37 சதவீதம், பொட்டாசியம் 4 சதவீதம். சீக்கிரம் உக்கும், உக்கும்போது கரைந்த அலுமினியத்தைப் பிடித்துக் கட்டும். பூ வைக்கும் முன் இளந்தண்டோடு வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, நறுக்கி இரண்டு அங்குலம் பரப்புங்கள். முற்றிய கட்டைத் தண்டைப் போட வேண்டாம். அது சாக்கிலேயே துளிர்த்துவிடும். எங்கள் அபிப்பிராயத்தில் லயத்துச் சாக்குத் தோட்டத்துக்கு இதைவிடக் கையடக்கமான மூடாக்கு இல்லை.

முள்முருங்கை இலையும், தாழ்ந்த பக்கத் தோட்டங்களில் கிடைக்கும் கிளிரிசீடியா இலையும் இதே குடும்பத்துக் குணம். தழைச்சத்து அதிகம், இரண்டு மூன்று வாரத்தில் காணாமல் போகும். முதலில் புளிப்பைக் குறைக்கும். அதன் பிறகு அந்தத் தழைச்சத்து நைத்திரேற்றாக மாறும்போது கொஞ்சம் புளிப்பைத் திரும்பக் கொண்டுவரும். அந்த நைத்திரேற்றைச் செடி எடுத்துக்கொண்டால் நட்டமில்லை. மழையில் கரைந்து போனால், கல்சியத்தையும் கூட இழுத்துக்கொண்டு போகும். ஆகவே வேர் பிடிக்காத சிறு நாற்றுக்குக் குவித்துப் போடாமல், வளரும் செடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது நல்லது. வாழை இலையும் மடலும் பொட்டாசியம் நிறைந்தவை, நறுக்கிப் போடலாம். ஆனால் நத்தைக்கு அது நல்ல வீடு. காலையில் புரட்டிப் பாருங்கள்.

நடுவில் நிற்பவை மானாப் புல், குவாத்தமாலா புல், வைக்கோல். இவை பீ.எச். ஐப் பெரிதாக மாற்றாது. மண்ணைக் காயாமல் வைக்கும், மழைத்துளி மண்ணைச் சிதறடிக்காமல் காக்கும், மெதுவாக உக்கும். மழைக்காலத்தில் இவை நல்லவை. பூ வந்த புல்லை வெட்டாதீர்கள், விதை விழுந்தால் களை எடுக்க வேறு ஆள் வேண்டும். களைக்கொல்லி அடித்த மலையிலிருந்து புல்லை எந்தக் காரணத்துக்கும் கொண்டுவர வேண்டாம்.

தும்புத்தூளும் நடுப்பக்கத்தில்தான், 5.5 முதல் 6.5 வரை நிற்கும். தண்ணீரைத் தன் எடையைப்போல் ஏழு எட்டு மடங்கு பிடித்துவைக்கும். உப்பு இருக்கக்கூடும் என்பதால் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றி அலசிவிட்டுப் போடுங்கள்.

இனி, பார்த்துப் போட வேண்டியவை. பைனஸ் ஊசி, யூக்கலிப்டஸ் இலை, கிரவிலியா சருகு மூன்றும் சீக்கிரத்தில் உக்காது. புளிப்பை அடக்கும் சரக்கும் குறைவு. நிலத்தில் இவற்றை மன்னிக்கலாம். சாக்கில், அதுவும் தேயிலை மண் நிரப்பிய சாக்கில், மரக்கறிக்கு வேண்டாம். வேறு ஒன்றும் கிடைக்காவிட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல் போடாமல், அடியில் கொஞ்சம் கூட்டெரு பரப்பி அதன் மேல் போடுங்கள். ஸ்ட்ரோபெரி வளர்ப்பவர்களுக்கு இந்த ஊசி இலை வசதிதான். பழம் மண்ணில் படாமல் இருக்கும், அந்தச் செடிக்கு 5.5 போதும்.

கவ்வாத்து இலையைப் பற்றிப் பல பேர் கேட்கிறார்கள். மலையில் விழுந்த கவ்வாத்து இலை மலையிலேயே கிடக்க வேண்டும். அதுதான் தேயிலைக்கு மூடாக்கு. அதிலும் முதிர்ந்த தேயிலை இலையில் அலுமினியம் சேர்ந்திருக்கிறது என்று மேலே சொன்னோம். அது தேயிலைக்குப் பாதகமில்லை. பீட்ரூட்டுக்கு அதைக் கொண்டுவந்து கொட்டுவதில் அர்த்தமில்லை. வீட்டில் சாயம் வடித்த தேயிலைச் சக்கை அப்படி இல்லை. அது லேசான புளிப்புத்தான், தழைச்சத்தும் இருக்கிறது. ஒரே சாக்கில் கொட்டிக் குவித்தால் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கூட்டெருக் குழியில் போட்டு உக்கவிட்டு எடுத்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மரத்தூளால் வரும் மஞ்சளைப் புளிப்பென்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. மரத்தூளை மண்ணோடு கலந்தால் அதை உக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும். அடி இலைகள் முழுவதும் வெளிறி மஞ்சளாகும். அங்கே டொலமைட் போட்டால் ஒன்றும் நடக்காது. மரத்தூளை மண்ணில் கிளறாமல் மேலே மட்டும் பரப்பினால் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

கூரைக்குள் இருக்கும் வாளி

இதுவரை சொன்னது மழையில் நிற்கும் சாக்குக்கு. இஸ்தோப்புக்குள், கூரைக்கு அடியில், ஜன்னல் ஓரத்தில் வைத்த வாளியின் கதை வேறு. அங்கே மழை கழுவாது. நாம் போட்டது எல்லாம் உள்ளேயே நிற்கும்: பசளை உப்பும் நிற்கும், சாம்பலும் நிற்கும். குசினிக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்த வாளிக்கு அடுப்புச் சாம்பல் அளவில்லாமல் விழும். "சாம்பல் நல்லதுன்னு சொன்னாங்களே" என்று தினம் ஒரு கைப்பிடி போட்டால், ஒன்றிரண்டு மாதத்தில் மண் 7.5 க்கு மேலே போய்விடலாம். அப்போது இரும்பு, மங்கனீசு, நாகம் ஆகிய சத்துகள் எடுபடாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். புளிப்பு மண்ணில் செடி குட்டையாக நின்று வேர் கட்டையாவதற்கும், இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். இரண்டும் மஞ்சள்தான், மருந்து நேர்மாறு.

கூரைக்குள் இருக்கும் வாளிக்கு இலை மூடாக்கை மெல்லியதாகப் போடுங்கள், ஓர் அங்குலம் போதும். வெயிலும் காற்றும் குறைந்த இடத்தில் கனமான மூடாக்குக்குக் கீழே மண் காயாமல் நசநசவென்று இருக்கும். வேர் அழுகும், சிறு ஈ பெருகும். தண்டைச் சுற்றி இரண்டு விரல் அகலம் இடம் விடுங்கள். மாதம் ஒரு முறை வாளியை வெளியே தூக்கி வைத்து, அடியால் தண்ணீர் ஓடும் வரை ஊற்றி, சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

அளந்து பார்த்துத் திருத்துவது

அளக்காமல் ஒன்றும் போடக்கூடாது. விவசாய போதனாசிரியரிடம் மீட்டர் இருக்கும். பாடசாலை விஞ்ஞான அறையில் பீ.எச். தாள் இருந்தால் பிள்ளைகள் ஆசிரியரிடம் கேட்டு வரலாம். சாக்கின் நடுப்பகுதியில் இருந்து, மூடாக்கை விலக்கி, நாலு அங்குல ஆழத்தில் மண் எடுங்கள். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு சுத்தமான மழைத்தண்ணீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேல் தண்ணீரில் தாளை நனையுங்கள். சிவப்புக் கோவாச் சாறு நிறம் மாறும் வித்தையைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம், சந்தோஷப்படுவார்கள். ஆனால் 5 க்கும் 6 க்கும் உள்ள வித்தியாசத்தை அது தெளிவாகக் காட்டாது. அதை நம்பிச் சுண்ணாம்பு போட வேண்டாம்.

5.5 க்குக் கீழே இருந்தால் டொலமைட். அதில் கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்திருக்கின்றன. 10 லீற்றர் மண்ணுக்குத் தலைதட்டி ஒரு மேசைக்கரண்டி, ஏறக்குறைய 15 கிராம். மேலே தூவிவிட்டால் போதாது, அது கீழே இறங்க மாதக்கணக்கில் ஆகும். நடுவதற்கு முன்பே மண்ணைக் கொட்டி, ஈரத்தோடு கலந்து, திரும்ப நிரப்பி, மூன்று நாலு வாரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். இன்னும் 6 வரவில்லை என்றால் இன்னும் ஒரு கரண்டி. ஒரேயடியாக நாலு கரண்டி போட்டுவிட்டு மேலே போன பீ.எச். ஐக் கீழே இறக்குவது மிகவும் கஷ்டம்.

டொலமைட் வாங்க வழியில்லை என்றால் அடுப்புச் சாம்பல் இருக்கிறது. நம் அடுப்பில் எரிவது பெரும்பாலும் கவ்வாத்து மிலாறு. மலை மண்ணிலிருந்து தேயிலைச் செடி எடுத்த கல்சியமும் பொட்டாசியமும் அந்தச் சாம்பலில்தான் நிற்கின்றன. 10 லீற்றர் மண்ணுக்கு ஒரு மேசைக்கரண்டி, ஒரு போகத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். பொலித்தீன், பெயின்ட் அடித்த பலகை எரித்த சாம்பல் ஆகாது. சாம்பலையும் யூரியாவையும் அல்லது சல்பேட்டையும் ஒன்றாகப் போட்டால் தழைச்சத்து அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். இரண்டுக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். முட்டைக் கோது முழுக்க முழுக்கச் சுண்ணாம்புச் சரக்குத்தான். ஆனால் உடைத்துத் துண்டாகப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். காயவைத்து அம்மியில் மாவாக அரைத்தால்தான் பலன்.

எல்லாச் சாக்குக்கும் ஒரே பக்குவம் இல்லை. உருளைக்கிழங்குக்கு 5 முதல் 6 வரை போதும். அதற்குச் சாம்பலும் சுண்ணாம்பும் கூடினால் தோலில் சொறி விழும். மரவள்ளியும் ஓரளவு புளிப்பைத் தாங்கும். கோவாவுக்கு நேர்மாறு: வேர் வீங்கி உருண்டையாகும் நோய் புளிப்பு மண்ணில்தான் அதிகம், 7 க்கு மேலே போனால் அடங்கும். ஆகவே கோவா, பீட்ரூட் சாக்குகளை ஒரு பக்கமும், உருளைக்கிழங்குச் சாக்கை இன்னொரு பக்கமும் வைத்து, காட்டுச் சூரியகாந்தியையும் சாம்பலையும் முதல் பக்கத்துக்குக் கொடுங்கள். உருளைக்கிழங்குக்கு மானாப் புல் போதும்.

போகம் முடிந்த சாக்கு மண்ணைக் கொட்டி எறிய வேண்டாம். உக்காத மூடாக்கைப் பொறுக்கிக் கூட்டெருக் குழியில் போடுங்கள். வேரைப் பிடுங்கிப் பாருங்கள்: வெள்ளையாக, நீளமாக, மயிர் வேரோடு இருந்தால் மண் நல்ல நிலையில் இருக்கிறது, குட்டையாகத் தடித்திருந்தால் அடுத்த நடுகைக்கு முன் அளக்காமல் விதை போடாதீர்கள். கோவா வேர் வீங்கியிருந்தால் அந்த வேரைக் குழியில் போடாமல் எரித்துவிட்டு, அந்த மண்ணில் கோவா, நோக்கோல், முள்ளங்கி மூன்றையும் சில வருடங்களுக்கு நடாமல் போஞ்சிக்கோ கீரைக்கோ கொடுங்கள். மூன்று பங்கு பழைய மண்ணுக்கு ஒரு பங்கு உக்கிய கூட்டெரு கலந்தால், அடுத்த மழைக்கு அந்தச் சாக்கு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும்.